‘ஆலிஸ்’ தந்த லூயிஸ் கரோல்: எழுத்துக்குள் சொல் தேடியவரின் கதை

ஒரு சின்ன சவால். ஆங்கிலத்தில் ஜி, அதை ஒட்டி உடனே பி. இந்த இரண்டு எழுத்துகளும் இதே வரிசையில் அடுத்தடுத்து வரும் ஒரு சொல்லைச் சொல்லுங்கள் பார்ப்போம். பி என்றால் பென்சிலில் வரும் பி, பஸ்ஸில் வரும் பி இல்லை. போனில் தேடக் கூடாது, மனசுக்குள்தான் தேடணும்.

சட்டென்று வராது. கொஞ்சம் யோசித்தால் ‘மேக்பை’ கிடைக்கலாம். கருப்பும் வெள்ளையுமாக இருக்கும் ஒரு பறவையின் பெயர் அது. இந்தக் கேள்வி ஏதோ புது மொபைல் ஆப்பில் வந்தது என்று நினைத்தால் தப்பு. 1881-ல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் வந்தது. கேட்டவர் லூயிஸ் கரோல். அற்புத உலகத்துக்குள் விழுந்த ஆலிஸின் கதையை எழுதினாரே, அவரேதான்.

ஆலிஸை உலகத்துக்கே தெரியும். ஆனால் இன்று நாம் போனில் ஆடும் சொல் விளையாட்டுகள் பலவற்றுக்கும், ஐடி கம்பெனி இன்டர்வியூவில் வரும் ஒரு பிரபலமான கேள்விக்கும் பின்னால் அவர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. யார் இவர்? எழுத்துகளோடு இவருக்கு ஏன் இவ்வளவு ஒட்டுதல்?

பெயரையே கலைத்துப் போட்டவர்

இயற்பெயர் சார்லஸ் லுட்விட்ஜ் டாட்ஜ்சன். 1832 ஜனவரி 27 அன்று, இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் டேர்ஸ்பரி என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பாதிரியார். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள். ஆண்களில் இவர்தான் மூத்தவர். 1843-ல் குடும்பம் யார்க்‌ஷயரில் உள்ள கிராஃப்ட் என்ற ஊருக்குக் குடிபோனது.

அந்தக் காலத்தில், அத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டில், பொழுதுபோக்கை அவர்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். சார்லஸ் தம்பி தங்கைகளுக்காகக் கையெழுத்துப் பத்திரிகைகள் நடத்தினார். கதை, கவிதை, படம், புதிர் எல்லாம் அதில் இருக்கும். அவற்றில் ஒன்றின் பெயர் ‘மிஷ்மாஷ்’. ஜெர்மன் மொழியில் கதம்பம் என்று பொருள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அவருக்குத் திக்குவாய் இருந்தது. உடன்பிறந்தவர்களில் பலருக்கும் அந்தச் சிக்கல் உண்டு. ஒரு காதும் சரியாகக் கேட்காது. பேச்சுப் பயிற்சி தருபவர்களிடம் போய்ப் பார்த்தார். முழுமையாகத் தீரவில்லை. வாயில் சிக்கிக்கொண்ட சொற்கள் பேனாவில் சிக்கவில்லை.

1856-ல் ஒரு பத்திரிகையில் கவிதை வெளியிடப் புனைபெயர் தேவைப்பட்டது. அவர் யோசித்த விதத்தைப் பாருங்கள். ‘சார்லஸ் லுட்விட்ஜ்’ என்பதில் ஆங்கிலத்தில் 15 எழுத்துகள். அந்த 15-ஐயும் குலுக்கிப் போட்டு ‘எட்கர் கத்வெல்லிஸ்’ என்று ஒரு பெயர் செய்தார். அதே 15 எழுத்துகளை இன்னொரு முறை குலுக்கி ‘எட்கர் யு.சி. வெஸ்ட்ஹில்’ என்றும் ஒன்று. ஓர் எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மூன்றாவது வழியில், இரண்டு பெயர்களையும் லத்தீனுக்கு மாற்றினார். சார்லஸ் ‘கரோலஸ்’ ஆனது. லுட்விட்ஜ் ‘லுடோவிகஸ்’ ஆனது. முன்னதைப் பின்னதாக்கி, மறுபடியும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தால் ‘லூயிஸ் கரோல்’. பத்திரிகை ஆசிரியர் எட்மண்ட் யேட்ஸ் அனுப்பிய பட்டியலில் இதைத் தேர்ந்தெடுத்தார். அவர் மட்டும் வேறு பெயரை டிக் அடித்திருந்தால், ஆலிஸ் கதையை இன்று எட்கர் கத்வெல்லிஸ் எழுதியதாகப் படித்துக்கொண்டிருப்போம்.

ஒரே கல்லூரியில் 47 ஆண்டுகள்

1851 ஜனவரியில் ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் தங்கிப் படிக்க வந்தார். வந்த சில நாள்களிலேயே அம்மா இறந்துபோனார். அதன் பிறகு, சாகும்வரை அந்தக் கல்லூரிதான் அவருடைய வீடு. 1855 முதல் 1881 வரை அங்கே கணித விரிவுரையாளர். வடிவியல், தர்க்கம் பற்றியெல்லாம் டாட்ஜ்சன் என்ற சொந்தப் பெயரில் புத்தகம் எழுதினார். கல்லூரியில் அவருக்குக் கிடைத்த இடத்துக்குத் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பது விதி. கடைசிவரை செய்துகொள்ளவில்லை.

கல்லூரித் தலைவர் ஹென்றி லிடெல். அவருடைய மகள்களில் ஒருத்தி ஆலிஸ். 1862 ஜூலை 4 அன்று கரோலும் நண்பர் ராபின்சன் டக்வொர்த்தும் லிடெல் வீட்டின் மூன்று சிறுமிகளைப் படகில் அழைத்துப்போனார்கள். ஆக்ஸ்போர்டில் இருந்து காட்ஸ்டோ வரை ஆற்றில் பயணம். வழியில் கதை கேட்டார்கள். முயல் வளைக்குள் விழுந்த பெண்ணின் கதையை அங்கேயே, அப்போதே கட்டிச் சொன்னார். 10 வயது ஆலிஸ் அதை எழுதித் தரச் சொன்னாள். 1865-ல் அது புத்தகமானது. 1871 கடைசியில் கண்ணாடிக்குள் ஆலிஸ் நுழையும் இரண்டாம் கதை வந்தது.

இந்தக் கதைகளிலும் எழுத்து விளையாட்டுதான். இரண்டாம் புத்தகத்தின் கடைசிக் கவிதையில் 21 வரிகள். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழே கோத்துப் படித்தால், ‘ஆலிஸ் பிளசன்ஸ் லிடெல்’ என்ற அந்தச் சிறுமியின் முழுப் பெயர் கிடைக்கும். ‘சக்கிள்’, ‘ஸ்நார்ட்’ என்ற இரண்டு சொற்களைப் பிசைந்து செய்ததாகச் சொல்லப்படும் ‘சார்ட்டில்’ என்ற அவருடைய சொல், இன்று ஆங்கில அகராதிகளில் சாதாரணமாக இருக்கிறது.

விடை கிடைக்காத பக்கங்கள்

இவரைப் பற்றிப் பேசும்போது இன்னொரு விஷயத்தையும் தாண்டிப் போக முடியாது. 1856 முதல் 1880 வரை அவர் போட்டோகிராபர். சிறுமிகளை நிறையப் படம் எடுத்தார். பெற்றோரின் சம்மதத்தோடு, ஆடையில்லாமல் எடுத்த படங்களும் அவற்றில் உண்டு. அன்றைய இங்கிலாந்தில் குழந்தையின் உடலைக் கள்ளமின்மையின் அடையாளமாகப் பார்க்கும் வழக்கம் இருந்தது என்பது ஒரு தரப்பு. இன்றைய பார்வையில் அது சங்கடமானது, கேள்வி கேட்கப்பட வேண்டியது என்பது இன்னொரு தரப்பு.

1863 ஜூனில் லிடெல் குடும்பத்தோடு அவருடைய உறவு திடீரென்று முறிந்தது. அந்த நாள்களின் டைரிப் பக்கம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. 13 டைரிகளில் நான்கு காணவே இல்லை. ஆகவே, குற்றம் சாட்டவும் முடியாமல், ஒரேயடியாகக் கழுவி விடவும் முடியாமல் ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

தலையை வாலாக்குவது எப்படி?

1877 கிறிஸ்துமஸ். ஜூலியா, எத்தல் என்ற அர்னால்ட் வீட்டுப் பெண்கள் இருவர் பொழுது போகவில்லை என்று அலுத்துக்கொண்டார்கள். அவர்களுக்காகக் கரோல் உருவாக்கியதுதான் ‘டபிளெட்ஸ்’. இந்த ஜூலியா, பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் அம்மா.

விளையாட்டு ரொம்ப சிம்பிள். ஒரே நீளமுள்ள இரண்டு சொற்கள் தரப்படும். ஒரு தடவைக்கு ஓர் எழுத்து மட்டும் மாற்றி, முதல் சொல்லை இரண்டாவது சொல்லாக்க வேண்டும். நடுவில் வரும் ஒவ்வொன்றும் உண்மையான சொல்லாக இருக்கணும்.

தலையை வாலாக்குவது அவர் தந்த ஓர் உதாரணம். ‘ஹெட்’ என்பதன் கடைசி எழுத்தை மாற்றினால் ‘ஹீல்’, அதாவது காயம் ஆறுவது. முதல் எழுத்தை மாற்றினால் ‘டீல்’, ஒரு வகைச் சின்ன வாத்து. அடுத்து ‘டெல்’, சொல்வது. பிறகு ‘டால்’, உயரம். கடைசியில் ‘டெயில்’. ஐந்தே தாவலில் தலை வாலாகிவிட்டது. ஒரு பேப்பரில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் பளிச்சென்று புரியும். குரங்கை மனிதனாக்கு, கோதுமையை ரொட்டியாக்கு, கண்ணீரைப் புன்னகையாக்கு என்று குறும்பான புதிர்கள் நிறைய கொடுத்தார்.

1879-ல் லண்டனின் ‘வேனிட்டி ஃபேர்’ பத்திரிகை இதைப் போட்டியாகவே நடத்தியது. உடனே ஒரு பிரச்சினை. எதை நிஜமான சொல் என்று ஏற்பது? யாருக்கும் தெரியாத சொல்லை அகராதியின் மூலையில் இருந்து உருவிக்கொண்டு வந்தால்? அதனால், எந்தெந்தச் சொற்கள் செல்லும் என்ற பட்டியலோடு அதே ஆண்டு புத்தகமாகவும் போட்டார். இன்று ஒவ்வொரு சொல் விளையாட்டு ஆப்பும் தனக்கென்று ஒரு சொல் பட்டியல் வைத்திருக்கிறதே, அதே சிக்கல்தான், அதே தீர்வுதான்.

‘அப்படி ஒரு சொல்லே இல்லை’

இனி 1881-க்கு வருவோம். வீட்டுக் கையெழுத்துப் பத்திரிகையின் ‘மிஷ்மாஷ்’ என்ற பெயரையே புது விளையாட்டு ஒன்றுக்கு வைத்தார். ஆடுபவர்கள் இரண்டு பேர். ஒருவர் இரண்டோ அதற்கு மேலோ எழுத்துகளைத் தருவார். அந்தத் துணுக்கு உள்ளே அப்படியே இருக்கும் ஒரு சொல்லை மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். ஊர்பேர், ஆள்பேர் செல்லாது. நாலு பேர் பேசும்போது புழங்கும் சொல்லாக இருக்க வேண்டும். நடுவில் சிறு கோடு போட்டு ஒட்டிய சொல்லும் செல்லாது.

இதில் இரண்டு விதிகள்தான் சுவாரசியமே. ஒன்று, துணுக்கைத் தருபவருக்கே விடை தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சும்மா தோன்றிய எழுத்துகளைக்கூடக் கொடுக்கலாம். இரண்டு, தேடுபவர் ‘அப்படி ஒரு சொல்லே இல்லை’ என்றும் அறிவிக்கலாம். ஆனால் எதிராளி ஒரு சொல்லைக் காட்டிவிட்டால் ஆட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

இங்கேதான் கணித வாத்தியார் எட்டிப் பார்க்கிறார். ஒரு சொல் இருக்கிறது என்று நிரூபிக்க, அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். இல்லை என்று நிரூபிக்க, மொழியில் உள்ள அத்தனை சொற்களையும் சல்லடை போட வேண்டும். மனசுக்குள் அது முடியாத காரியம். ஆகவே ‘இல்லை’ என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும், எதிரில் இருப்பவர் முகத்தைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

சரி, மனசுக்குள் தேட ஏதாவது வழி இருக்கிறதா? இருக்கிறது. இயல்பாகச் சேரும் எழுத்துகள் என்றால் விடை ஏராளம். இ, எம், ஓ என்று கொடுத்தால் லெமன், மெமரி, ரிமோட் எல்லாம் வந்து விழும். சேராத எழுத்துகள் என்றால், சொல்லின் நடுவில் ஒட்டுப்போட்ட இடத்தைத் தேட வேண்டும். ஜி-யையும் பென்சில் பி-யையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேக்பை, பிக்பென், கிங்பின். மூன்றிலும் முதல் பாதி ஜி-யில் முடிகிறது, இரண்டாம் பாதி பி-யில் தொடங்குகிறது. இரண்டு சொற்களைச் சேர்த்துத் தைத்த தையலில்தான் விநோதமான எழுத்துக் கூட்டணிகள் ஒளிந்திருக்கும். ஐ, எம், எஸ், இ என்ற துணுக்குக்கு ‘ஹிம்செல்ஃப்’ விடையாவதும் இப்படித்தான்.

இதையே இன்னும் நீட்டி 1891-ல் ‘சிஸிஜிஸ்’ என்று ஒன்றை வெளியிட்டார். சூரியன், பூமி, நிலா ஒரே கோட்டில் வருவதைக் குறிக்கும் வானியல் சொல் அது. இதில் ஒரு சொல்லையும் அடுத்த சொல்லையும் பொதுவான எழுத்துத் துணுக்குதான் கொக்கி போட்டு இணைக்கும். அவர் கதையில் வரும் வால்ரஸையும் தச்சரையும் இணைத்த சங்கிலி இது: வால்ரஸ், பெரூஸ், ஹார்ப்பர், கார்பென்டர். நான்கையும் ஆங்கிலத்தில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் உள்ள கொக்கி தெரியும்.

தூக்கம் வராத இரவுகள்

இத்தனைக்கும் எப்போது நேரம் கிடைத்தது? இரவில். தூக்கம் பிடிக்காத நேரத்தில் மனதை வேண்டாத எண்ணங்களில் அலைய விடாமல், புதிர்களைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். 1868-ல் இப்படி விழித்துக் கிடந்த ஓர் இரவில், அரசியல் தலைவர் வில்லியம் எவர்ட் கிளாட்ஸ்டனின் பெயரில் உள்ள 21 எழுத்துகளையும் மாற்றி அடுக்கி, எல்லா உருவங்களையும் இடித்துத் தள்ளுவாயா என்று கேட்கும் ஒரு வாக்கியத்தைச் செய்தார். கிளாட்ஸ்டனின் சீர்திருத்த அரசியலுக்கு அது நக்கலான குத்து.

மனதில் தோன்றியதைக் குறித்துக்கொள்ள ஒவ்வொரு முறையும் எழுந்து விளக்கேற்றுவது தொல்லை. அதற்கும் 1891-ல் ஒரு கருவி செய்தார். அட்டையில் இரண்டு வரிசையில் 16 சதுரத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் புள்ளியும் கோடும் வைத்து எழுத, தனியாக ஓர் எழுத்து முறை. போர்வைக்குள் இருந்தபடியே இருட்டில் எழுதலாம். 1893-ல், படுக்கையில் மனக்கணக்காகப் போட்ட 72 கணிதப் புதிர்களைப் புத்தகமாக்கினார்.

தனிமையில் வாழ்ந்தாலும் தொடர்பில்லாமல் வாழவில்லை. எழுதிய, வந்த கடிதங்களுக்கெல்லாம் 1861 முதல் ஒரு பதிவேடு வைத்திருந்தார். அதன் கடைசி எண் 98,721. குழந்தைகளுக்கு எழுதிய பல கடிதங்களில் புதிரும் விளையாட்டும் இருக்கும். சிலவற்றைக் கண்ணாடி முன்னால் பிடித்துத்தான் படிக்க முடியும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு

எழுத்துகளைச் சதுரங்கப் பலகை மேல் நகர்த்திச் சொற்கள் ஆக்கும் விளையாட்டு ஒன்றைச் செய்யலாமே என்று 1880 டிசம்பரில் டைரியில் எழுதினார். அமெரிக்காவில் ஆல்பிரட் பட்ஸ் உருவாக்கிய விளையாட்டு ஸ்க்ராபிள் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது 1948-ல். ஒன்றைப் பார்த்து இன்னொன்று பிறந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் யோசனை அவருக்கு முன்பே வந்துவிட்டது.

டபிளெட்ஸின் கதை இன்னும் சுவாரசியம். ஒவ்வொரு சொல்லையும் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மட்டும் வேறுபடும் ஊர்களுக்கு இடையே ரோடு போடுங்கள். இப்போது ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்குக் குறைந்த தூர வழி எது? கம்ப்யூட்டர் அறிவியலின் அடிப்படைக் கேள்விகளில் இது ஒன்று. டொனால்ட் நூத் என்ற புகழ்பெற்ற கணினி அறிஞர், 5,757 ஐந்தெழுத்துச் சொற்களை வைத்து இதை ஆராய்ந்தார். எந்த ரோடும் இல்லாமல் தனித்து நிற்கும் சொற்கள் மட்டும் 671. ஒதுங்கி நிற்பவர் என்று பொருள்தரும் ‘அலூஃப்’ என்ற சொல்லும் அதில் ஒன்று!

லீட்கோடில் ‘வேர்ட் லேடர்’ என்று ஒரு கணக்கு இருக்கும். கோடிங் இன்டர்வியூவுக்குத் தயாரான பலரும் அதில் மண்டையை உடைத்திருப்பார்கள். அது வேறொன்றும் இல்லை, 1877 கிறிஸ்துமஸுக்கு இரண்டு பெண்களின் அலுப்பைப் போக்க வந்த அதே விளையாட்டுதான்.

அவருடைய மற்ற தேடல்களையும் மெஷின் நொடியில் முடிக்கிறது. துணுக்கு உள்ள சொல் வேண்டுமா? சொல் பட்டியல் முழுவதையும் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தால் ஆச்சு. எழுத்துகளைக் கலைத்து அடுக்கிய சொல் வேண்டுமா? அதற்கு ஒரு தந்திரம் உண்டு. ‘லிசன்’ சொல்லின் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்குங்கள். இ, ஐ, எல், என், எஸ், டி என்று வரும். ‘சைலண்ட்’ சொல்லை அடுக்கினாலும் அதேதான் வரும். வரிசை ஒன்றாக இருந்தால் எழுத்துகளும் ஒன்றே. சார்லஸ் லுட்விட்ஜும் எட்கர் கத்வெல்லிஸும் ஒரே ஆள் என்று இந்த முறையில் ஒரு நொடியில் சொல்லிவிடலாம்.

ஆக, விடை தேடும் வேலை தீர்ந்தது. அப்படியென்றால் விளையாட்டும் தீர்ந்ததா? கரோலின் விதிகளைத் திரும்பப் பாருங்கள். கேட்பவருக்கே விடை தெரியாமல் இருக்கலாம் என்றார். இல்லை என்று துணிந்து சொல்ல இடம் வைத்தார். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சேர்ந்து திணற வேண்டும். அவருடைய விளையாட்டில் அந்தத் திணறலுக்குத்தான் முதலிடம். பேச்சு தடுமாறிய மனிதர், அடுத்தவரோடு சேர்ந்திருக்கக் கண்டுபிடித்த வழி இது. அந்தப் பகுதியை எந்த ஆப்பும் நமக்குப் பதிலாகச் செய்து தராது.

1898 ஜனவரி 14 அன்று, கில்ஃபோர்டில் சகோதரிகள் வாழ்ந்த வீட்டில், ஃபுளூ காய்ச்சல் நிமோனியாவாக முற்றி இறந்தார். 66-வது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் பாக்கி இருந்தது. அதே ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும், பக்கத்தில் இருப்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். டபிள்யூ, கே, டபிள்யூ. மூன்றும் இதே வரிசையில் ஒட்டி வரும் ஆங்கிலச் சொல் எது? போன் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடச் சொல்லுங்கள். ரொம்பத் திணறினால் மட்டும் ஒரு க்ளூ: கூட்டத்தில் பேச்சு எழாமல் நிற்கும் ஒருவருக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும் சொல் அது.